அசரியாவின் நற்செய்தியும் அம்பேத்கரின் கேள்வியும்

விழுப்புரத்திலிருந்து கோலியனூர் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய பல ஊர்களில் தேவாலயம் ஊருக்குள் இருப்பதில்லை, காலனிக்குள் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகை இடத்துக்கு இடம் மாறும். விழுப்புரம், பண்ருட்டி பக்கம் டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திண்டிவனம் பக்கம் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் வழிவந்து, இன்று வேலூர்ப் பேராயத்துக்கு உட்பட்ட தென்னிந்தியத் திருச்சபை. இடையிடையே கத்தோலிக்கக் கோயில்களும் பெந்தெகொஸ்தே ஜெபக்கூடங்களும் உண்டு. சேரி ஒன்று, அதன் மக்கள் எந்தச் சபையினர் என்பதை எப்போதோ எந்த நாட்டு மிஷனெரி அவ்வழியே வந்தார் என்பதே முடிவு செய்திருக்கிறது.

இந்தப் பிளவைத் தன் வாழ்நாளின் பெரும் அவமானமாகக் கருதிய தமிழர் ஒருவர் உண்டு. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874-1945). சபை வெளியிடும் நூல்களில் அவர் பக்திமானாகவும் மிஷனெரி வீரராகவும் மட்டுமே நமக்குக் காட்டப்படுகிறார். அவருடைய நற்செய்தி நம்பிக்கையைத் திரும்பத் திரும்ப வடிவமைத்தது அரசியலே என்பதை, தலித் விடுதலையின் பக்கம் நின்று வாசிக்கும் நாம் சொல்லியாக வேண்டும். அரசியலிலிருந்து விலகி நிற்பதாக அவர் எடுத்த முடிவும் ஓர் அரசியல் முடிவுதான்.

1874 ஆகஸ்ட் 17 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் 1839இல் கிறிஸ்தவராகி, பின்னர் கிராமப் போதகரானவர். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. ஆதிக்கச் சாதியினர் அச்சமூகத்துக்குக் கோயில் நுழைவை மறுத்த காலம் அது. கமுதிக் கோயில் வழக்கும் 1899இன் சிவகாசிக் கலவரமும் அவருடைய இளமைக் காலத்து நிகழ்வுகள். மதம் மாறிய நாடார்களுக்குச் சபையும் பள்ளிக்கூடமும் சமூக ஏணியாயின. ஏணியில் ஏறியவர்கள் கீழே நின்றவர்களுக்குக் கை கொடுத்தார்களா என்ற கேள்வி தென்மாவட்டத் திருச்சபைகளில் இன்றும் தீரவில்லை. அசரியாவை அச்சமூகத்தின் பெருமிதச் சின்னமாக மட்டும் நிறுத்துவோர் இக்கேள்வியைத் தொடுவதே இல்லை.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் படிப்புக்குப் பின், 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக அவர் தென்னிந்தியா முழுதும் சுற்றினார். 1898இல் அன்பு மரியம்மாளை வரதட்சணை வாங்காமல் மணந்தார். (அதே ஆண்டில்தான் சென்னையில் அயோத்திதாசர் பௌத்தத்தின் பக்கம் திரும்பினார், சாதி இழிவிலிருந்து வெளியேற அக்காலத் தமிழர்கள் தேடிய வழிகள் பல.) 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே ஊழியரை அனுப்பி மிஷன் நடத்துவதைக் கண்டார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அவர் முன்னணியில் இருந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்த ஆண்டு அது. இந்தியரின் பணத்தில், இந்தியரின் கைகளால், இந்தியரின் தலைமையில் என்ற அச்சங்கங்களின் முழக்கத்தில் சுதேசிக் காலத்தின் மூச்சு இருந்தது.

1909இல் அவர் தோர்னக்கல் சென்றார். நிஜாமின் ஐதராபாத் அரசுக்கு உட்பட்ட தெலுங்கு நிலம், மொழி புதிது. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அரங்கத்தை உலுக்கியது. ஏழைகளுக்காக உயிரையும் கொடுக்க முன்வரும் வெள்ளை மிஷனெரி, உடன் உழைக்கும் இந்தியரைத் தன் வீட்டு மேசைக்கு அழைப்பதில்லை, கைகுலுக்கக்கூடத் தயங்குகிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தியாகத்தைவிட நட்பே எங்களுக்கு வேண்டும் என்று முடித்தார். அன்று அவையில் சிலர் கொதித்தனர். அவர் நிறவெறியைப் பற்றிப் பேசினார் என்றே வரலாறு பதிவு செய்திருக்கிறது. ஆனால் உடன் உண்ணுதல் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தவர் சாதி நிலத்தில் வளர்ந்தவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்த அளவுகோலைத் தமிழ்ச் சபைகள் தம்மீது வைத்துப் பார்த்ததில்லை. தனிப் பந்தியும் தனிக் கல்லறையும் நீடித்தன.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அருட்பொழிவு பெற்றார். இந்தியர் ஒருவரின்கீழ் வெள்ளையர் பணியாற்றுவதா என்று மிஷனெரிகளில் பலர் முணுமுணுத்தனர். அடுத்த முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் தோர்னக்கலின் பேராயர். அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஒருவர் இருவராக அல்ல, சேரி சேரியாக வந்தார்கள். எழுத்தறிவும் கூலி அடிமைத்தனத்திலிருந்து விடுதலையும் மனிதராக நடத்தப்படுவதும் அவர்கள் தேடியவை. ஆன்ம மீட்பையும் அவர்கள் தேடினார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சொகுசு அவர்களுக்கு இல்லை. அசரியா அவர்களிடையேயிருந்தே போதகர்களை உருவாக்கினார். பயிற்சிப் பள்ளிக்குக் கணவரோடு மனைவியும் வந்து படிக்க ஏற்பாடு செய்தார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தன் தலையில் கை வைத்து, நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லும் கடமை தனக்கு உண்டு என அறிக்கையிடச் செய்தார். பேசக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக அடக்கப்பட்டவர்களைப் பேசுபவர்களாக்கிய சடங்கு இது. அவருடைய இறையியலில் நம்மை அதிகம் ஈர்ப்பது இந்த இடமே. அவருடைய காலத்திலேயே பேராயத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்தது.

எண்ணிக்கை பெருகியதும் அது அரசியல் ஆனது. 1932இல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தது. ஒடுக்கப்பட்டோருக்கான தனித்தொகுதியைக் காந்தியின் உண்ணாவிரதமும் பூனா ஒப்பந்தமும் பறித்துக்கொண்டன. இந்தியக் கிறிஸ்தவருக்கான தனித்தொகுதி நீடித்தது. அதை அசரியா எதிர்த்தார். வாக்குகளுக்காகத் தலைகளை எண்ணும் வகுப்பாகச் சபை மாறிவிட்டால், ஒவ்வொரு ஞானஸ்நானமும் அடுத்தவரிடமிருந்து திருடப்பட்ட வாக்காகவே பார்க்கப்படும் என்பது அவருடைய அச்சம். நற்செய்தியின் தூய்மையைக் காக்க அரசியல் பாதுகாப்பைத் துறப்போம் என்பது அதன் பொருள். அந்த அச்சம் பொய்யுமல்ல. தெலுங்குச் சேரிகளின் மதமாற்றத்தைக் காந்தி தம் அரிஜன் இதழில் தொடர்ந்து கண்டித்தார். சேரி மக்களுக்குச் சமயத்தை எடைபோடும் அறிவு கிடையாது என்னும் அளவுக்கு அவருடைய வாதம் சென்றது. அம்மக்கள் தம் முடிவைத் தாமே எடுக்க வல்லவர்கள் என்று அசரியா உறுதியாக நின்றார். இந்த ஒரு புள்ளியில் அவர் காந்தியைவிட அம்பேத்கருக்கே நெருக்கமானவர்.

ஆனால் துறப்பின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டப்பேரவையில் இந்தியக் கிறிஸ்தவருக்கு 8 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கான வாக்கும் செல்வாக்கும் படித்த, சொத்துள்ள கிறிஸ்தவரிடமே இருந்தன. மறுபுறம், 1936இல் வெளியான பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. சேரிக் கிறிஸ்தவர் ஒரு பக்கமும் நிறுத்தப்படவில்லை. சபை இதற்காக வீதிக்கு வரவில்லை. மதம் மாறியவர்கள் குடியுரிமை சார்ந்த இழிவுகளுக்கு எதிராக அமைப்பாகப் போராடவில்லை, மிஷனெரிகளும் அதற்குத் துணை நிற்கவில்லை என்று அம்பேத்கர் பின்னர் எழுதியதை, இந்தப் பின்னணியில் வைத்தே நாம் வாசிக்க வேண்டும்.

1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். எல்லாச் சமயத் தலைவர்களும் அவரை நாடினர். அசரியாவிடம் அவர் கேட்டதாகத் திருச்சபை ஒருமைப்பாட்டு வரலாற்றில் சொல்லப்பட்டுவரும் கேள்வி கூர்மையானது. எம் மக்கள் வந்தால் எந்தச் சபையில் சேர்வது, ஒன்றாக நிற்கும் அவர்களை உங்கள் பிரிவுகள் கூறுபோட்டுவிடாதா என்பதே அதன் சாரம். அசரியாவிடம் விடை இல்லை, வெட்கமே இருந்தது. 1919இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன், தென்னிந்திய ஐக்கிய சபைப் போதகர்களைக் கூட்டி ஒருமைப்பாட்டு முயற்சியைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். பதினாறு ஆண்டுகள் கடந்தும் ஆயர்களின் பதவித் தகுதி பற்றிய வாதமே முடிந்திருக்கவில்லை. அம்பேத்கரின் கேள்விக்குப் பின் ஒருமைப்பாடு அவருக்கு இறையியல் நேர்த்தியாக மட்டும் இருக்கவில்லை, அவசரமாகிவிட்டது. ஆயினும் அம்பேத்கரின் கேள்வியில் பாதியைத்தான் அவர் கேட்டுக்கொண்டார் என்பது நம் கணிப்பு. சபைப் பிரிவுகளுக்கு ஒருமைப்பாடு மருந்தாகலாம். சபைக்குள் இருக்கும் சாதிக்கு அது மருந்தல்ல. தோர்னக்கலிலேயே மாலா, மாதிகா பகைமை சபைக்குள்ளும் தொடர்ந்தது.

1945 ஜனவரி 1 அன்று அசரியா தோர்னக்கலில் இறந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும், திண்டிவனம் பகுதியின் ஆற்காடு மிஷன் சபைகள் இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அதில் ஒன்றாயின. விழுப்புரம் பக்கத்து லுத்தரன்கள் சேரவில்லை.

1950இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, 1936இன் விலக்கலை வேறு சொற்களில் தொடர்ந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதன் கதவு திறந்தது. கிறிஸ்தவ, இஸ்லாமிய தலித்துகளுக்குத் திறக்கவில்லை. இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அளித்த பரிந்துரை கிடப்பில் கிடக்கிறது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் காலவரையறை நீட்டிக்கப்பட்டது. கோலியனூரிலிருந்து பேருந்தில் எட்டிவிடும் தொலைவிலுள்ள புதுச்சேரியில், ஞானஸ்நானம் பெற்ற பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசரியா உழைத்த தெலுங்கு மண்ணிலோ, சாதியின் பெயரால் தாக்கப்பட்டதாக முறையிட்ட போதகர் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். காலனிப் பிள்ளைகள் பலருக்கு இதனால் இரண்டு பெயர்கள்: ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அழைக்கப்படும் பெயர் ஒன்று, வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழில் எழுதப்படும் பெயர் மற்றொன்று.