மூன்று பிள்ளைகளைப் புதைத்த தந்தை: லூயி பாஸ்டர்

ஜெபமாலையைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போது குருக்கள் நாங்கள் ஒரு கதை சொல்வதுண்டு. ரயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு முதியவரை விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ஒருவன் ஏளனம் செய்தானாம். இறங்கும் வேளையில் முதியவர் கொடுத்த சீட்டில் லூயி பாஸ்டர் என்று இருந்ததாம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்குத் தக்க சான்று கிடையாது. சான்றுள்ள அவரது வாழ்க்கையே நமக்குப் போதுமென்பதால் அதையே இம்மலரில் எழுதுகிறேன்.

1822 டிசம்பர் 27ஆம் நாள் பிரெஞ்சு நாட்டின் டோல் நகரில், தோல் பதனிடும் எளிய குடும்பத்தில் பிறந்தார் பாஸ்டர். அவர் மருத்துவர் அல்லர், இரசாயன ஆசிரியர். 1849இல் மரி லோரான் என்னும் நற்குணவதியை மணந்தார். கணவர் மாலையில் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதியவர் இந்த அம்மையாரே. ஆண்டவர் இவர்களுக்கு ஐந்து மக்களைத் தந்தார். மூத்தவள் ழான் 1859இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். 1865இல் பாஸ்டரின் தந்தையும், இரண்டு வயதே ஆன குழந்தை கமிலும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். மறு ஆண்டே பன்னிரண்டு வயது செசிலையும் டைபாய்டு கொண்டுபோயிற்று.

அந்த நாட்களில் அவர் செய்துகொண்டிருந்த வேலையோ பட்டுப்புழு ஆராய்ச்சி! தென் பிரான்சில் பட்டுப்புழுக்கள் ஒரு நோயால் மடிந்து, குடியானவர்கள் பிழைப்பின்றித் தவித்தனர். அரசின் வேண்டுகோளை ஏற்று 1865இல் அலேஸ் பகுதிக்குச் சென்ற பாஸ்டர், அதற்குமுன் பட்டுப்புழுவைக் கையால் தொட்டவரும் அல்லர். ஆண்டுக்கணக்காக உழைத்து அவர் கண்ட வழி மிக எளியது. முட்டையிட்டு முடித்த தாய்ப் பூச்சியைச் சிறிது நீர்விட்டு அரைத்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பளபளக்கும் நீள்வட்டத் துகள்கள் தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும்; தெரியாவிட்டால் வளர்க்கலாம். நோய் வெளிப்படுமுன்பே அதைச் சோதித்து அறியும் இந்த முறை நம் நாட்டுப் பட்டு முட்டை நிலையங்களில் இன்றும் கையாளப்படுகிறது. 1868இல், நாற்பத்தைந்தாம் வயதில், பக்கவாதம் அவரது இடப்பக்கத்தைத் தாக்கியது. அதன் பின்னும் வேலையை விட்டாரில்லை.

1881இல் பூயி லெ ஃபோர் என்ற சிற்றூரில் ஆடுமாடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டு ஊரறியச் சோதித்தார். ஊசி போட்ட ஆடுகள் பிழைத்தன, போடாதவை மடிந்தன. இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் வெளியில் பெருமையாகச் சொல்லிவந்த முறை ஒன்று. அன்று பயன்படுத்திய மருந்தோ, அவருடைய உதவியாளர் சேம்பர்லாந்து வேறு முறையில் தயாரித்தது. பிற்காலத்தில் அவரது குறிப்பேடுகளைப் படித்தவர்கள் இதைக் கண்டுபிடித்தனர். புகழாசையும் போட்டியுமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்களின் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1885 ஜூலை 6ஆம் நாள் அல்சாசிலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகன் ஜோசப் மைஸ்டரைக் கூட்டிவந்தாள். இரண்டு நாளைக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. வெறிநோய் கண்ட முயல்களின் முதுகுத் தண்டைக் குப்பியில் உலர்த்தி, நஞ்சின் வீரியத்தைக் குறைத்துத் தயாரித்த மருந்து பாஸ்டரிடம் இருந்தது. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. மனிதருக்கு முறையாகச் சோதித்தறியவில்லை. உடன் உழைத்த ரூ என்பவரே அதை மனிதருக்குக் கொடுக்கத் தயங்கினார். கொடுத்தால் என்ன ஆகுமோ. கொடுக்காவிட்டால் சாவு ஏறக்குறைய நிச்சயம். இரு மருத்துவர்களைக் கலந்தபின், அவர்களுள் ஒருவரான கிராஞ்சேர் ஊசி போட்டார். ஏனெனில் பாஸ்டருக்கு அந்த உரிமை இல்லை. நன்கு உலர்ந்து வீரியம் குறைந்ததில் தொடங்கி, படிப்படியாக வீரியம் மிக்கதைப் பத்து நாட்களில் 13 முறை கொடுத்தனர். பையன் பிழைத்தான்.

அதே ஆண்டு நவம்பரில், கடிபட்டு 37 நாட்கள் கழித்து, லூயிஸ் பெலத்தியே என்ற பத்து வயதுச் சிறுமியைத் தூக்கிவந்தனர். தலையில் காயம், காலம் கடந்துவிட்டது. அவள் இறந்தால் புதிய மருந்தின் பெயர் கெடும், மற்றவர்கள் வரத் தயங்குவார்கள் என்பது பாஸ்டருக்குத் தெரியும். மறுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் செசிலைப் புதைத்தவரிடம் வந்து கேட்டால் எப்படி மறுப்பார்? ஏற்றுக்கொண்டார். டிசம்பரில் சிறுமி இறந்தாள். எதிரிகள் தூற்றினார்கள். எனக்கோ மைஸ்டர் பிழைத்ததைவிட இந்தத் தோல்வியே அவரைப் பெரியவராகக் காட்டுகிறது.

1888இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் குன்னூரில் 1907இல் தொடங்கிய நிலையமும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. நான் சிறுவனாயிருந்தபோது, நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சொல்லிப் பெரியவர்கள் எங்களை மிரட்டுவார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து கைவிடப்பட்டு, இன்று கையிலே சில ஊசிகளோடு முடிகிறது. கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுவதும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போவதும் இன்றைக்கும் அவசியம்.

1895 செப்டம்பர் 28ஆம் நாள், ஒரு கையில் பாடுபட்ட சுரூபமும் மறு கையில் மனைவியின் கரமுமாகப் பாஸ்டர் உயிர்துறந்தார் என்று அவருடைய மருமகன் எழுதியிருக்கிறார். நோத்ருதாம் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. மறு ஆண்டு அவர் உடல் பாஸ்டர் நிலையத்தின் நிலவறைக் கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டது. பிற்காலத்தில் அந்நிலையத்தின் வாயிற்காவலராக 1940 வரை இருந்தவர் வேறு யாருமல்லர், அந்த ஜோசப் மைஸ்டரே.