ஹென்றி மின்யே

ஹென்றி மின்யே (அக்டோபர் 19, 1893 – ஆகஸ்ட் 31, 1965) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த வானூர்தி வடிவமைப்பாளரும் எழுத்தாளரும் ஆவார். பொதுமக்கள் தம் வீட்டிலேயே கட்டிப் பறக்கக்கூடிய எச்.எம்.14 என்னும் மிகச்சிறிய வானூர்தியை வடிவமைத்தமைக்காக இவர் அறியப்படுகிறார். வானத்துப் பேன் எனப் பொருள்படும் பூ-து-சியெல் என்பது இதன் பிரெஞ்சுப் பெயர். ஆங்கிலத்தில் இது பறக்கும் தெள்ளுப்பூச்சி என்ற பொருளில் பிளையிங் பிளீ என அழைக்கப்பட்டது. 1930களில் ஐரோப்பாவில் பெரும் வரவேற்பைப் பெற்ற இவ்வானூர்தி, உயிரிழப்பை ஏற்படுத்திய விபத்துகளால் சில ஆண்டுகளிலேயே தடைகளுக்கு உள்ளானது.

தொடக்க வாழ்க்கை

மின்யே பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள அன்றைய சராந்த்-அன்பேரியர் மாவட்டத்தில் பிறந்தார். மின்னியலிலும் வானொலித் துறையிலும் பயிற்சி பெற்றார். மிதவை வானூர்தி முன்னோடியான ஓட்டோ லிலியந்தாலின் தம்பி குஸ்தாவ் லிலியந்தாலுடன் 1911 இல் கடிதத் தொடர்பு கொண்டார். 1912 இல் தமது முதல் வானூர்தியைக் கட்டினார். முதல் உலகப்போரின்போது வானொலி இயக்குநராகப் பணியாற்றினார்.

போருக்குப் பின் பல வடிவங்களைக் கட்டிச் சோதித்தார். அவற்றுட் பெரும்பாலானவை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1920களின் இறுதியில் உருவான எச்.எம்.8 என்னும் ஒற்றை இறக்கை வானூர்தியே இவரது முதல் வெற்றியாகும். அதன் வரைபடங்களைப் பின்பற்றி ஆர்வலர் பலர் தத்தமக்கென வானூர்திகளைக் கட்டினர்.

பறக்கும் தெள்ளுப்பூச்சி

வழக்கமான வானூர்தியில் கையால் நெம்புகோலையும் காலால் மிதிகளையும் ஒருங்கே இயக்க வேண்டும். பயிற்சி குறைந்தோர் இதில் தவறும்போது வானூர்தி சுழன்று வீழக்கூடும். இவ்விடரை அகற்றும் பொருட்டு மின்யே முற்றிலும் வேறான அமைப்பை உருவாக்கினார். எச்.எம்.14 வானூர்தியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள் இருந்தன. நெம்புகோலை முன்பின்னாக அசைத்தால் முன் இறக்கை முழுவதும் சாய்ந்து வானூர்தியை ஏற்றவோ இறக்கவோ செய்தது. பக்கவாட்டில் அசைத்தால் வால் சுக்கான் திரும்பியது. கால் மிதிகள் இல்லை.

முதல் எச்.எம்.14 வானூர்தியின் நீளம் 3.5 மீட்டர், இறக்கை அகலம் 6 மீட்டர் மட்டுமே. 17 குதிரைத்திறன் கொண்ட மோட்டார் சைக்கிள் எந்திரம் அதனை இயக்கியது. மரம், ஒட்டுப்பலகை, துணி ஆகியனவே முதன்மைக் கட்டுமானப் பொருட்கள். 1933 செப்டம்பர் 10 அன்று சுவாசோன் நகருக்கு அருகே மின்யே அதில் முதன்முதலாகப் பறந்தார். போர்டு நிறுவனத்தின் மாடல் டி மகிழுந்துக்குப் பிரெஞ்சு மக்கள் சாலைப் பேன் என்று பட்டப்பெயர் வைத்திருந்தனர். அம்மகிழுந்தைப் போல எளியோரும் பெறத்தக்க வானூர்தி என்ற கருத்தில் இப்பெயர் அமைந்தது.

கட்டுமான முறையை விளக்கி இவர் எழுதிய வான் விளையாட்டு எனப் பொருள்படும் லெ ஸ்போர் த லேர் என்ற நூல் 1934 இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1935 இல் வெளியானபோது, முதல் மாதத்திலேயே 6000 படிகள் விற்பனையாயின. 1935 ஆகஸ்டில் மின்யே தமது வானூர்தியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தார். அங்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வகை வானூர்திகளைக் கட்டத் தொடங்கினர்.

விபத்துகளும் சோதனைகளும்

1936 இல் பிரித்தானியாவில் பறக்கும் தெள்ளுப்பூச்சிகள் அடுத்தடுத்து வீழ்ந்து விமானிகள் உயிரிழந்தனர். மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்த வானூர்தி மீண்டும் நிமிராமல் தரையில் மோதுவதே இவற்றின் பொதுத்தன்மையாக இருந்தது. காரணத்தை அறிய இங்கிலாந்தின் பார்ன்பரோவிலும் பிரான்சின் ஷலே-மெதோனிலும் இருந்த பெரிய காற்றுச் சுரங்கங்களில் முழு அளவு வானூர்தியே வைத்துச் சோதிக்கப்பட்டது.

குறை இறக்கைகளின் இடைவெளியில் இருந்தது. செங்குத்தாகப் பாயும்போது விமானி நெம்புகோலைத் தம்பக்கம் இழுப்பார். அப்போது முன் இறக்கையின் பின்விளிம்பு தாழ்ந்து பின் இறக்கையை நெருங்கும். குறுகிய இடைவெளியினூடே காற்று விரைந்து பாய்வதால் பின் இறக்கையின் உயர்த்துவிசை கூடும். இதனால் வால் மேலெழுந்து மூக்கு மேலும் கீழே அழுந்தும். அதாவது, மீள்வதற்காக விமானி செய்த செயலே பாய்ச்சலைக் கடுமையாக்கியது. மெதுவான, சீரான பறப்பில் இக்குறை வெளிப்படாததால் மின்யே தாமே பலமுறை பறந்தும் இதனை அறிய இயலவில்லை.

பிரித்தானியாவில் புதிய பறப்பு அனுமதிகள் நிறுத்தப்பட்டன. பிரான்சிலும் தடை விதிக்கப்பட்டது. இறக்கைகளின் இடைவெளியையும் குறுக்குவெட்டு வடிவத்தையும் மாற்றி மின்யே இக்குறையைக் களைந்தார். திருத்தப்பட்ட வானூர்திகள் பின்னர் பாதுகாப்பாகப் பறந்தன. ஆயினும் இழந்த நற்பெயர் முழுமையாக மீளவில்லை.

பிற்கால வாழ்க்கை

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் பிரெஞ்சு எதிர்ப்புப் படையினருக்காக, மடக்கக்கூடிய இறக்கைகள் கொண்ட எச்.எம்.280 வானூர்தியை வடிவமைத்தார். போர் முடிவுக்கு வந்தமையால் அது பெருமளவில் பயன்படவில்லை. போருக்குப் பின் அர்ஜென்டினா, பிரேசில், ஜப்பான், மொரோக்கோ ஆகிய நாடுகளில் தமது பணியைத் தொடர்ந்தார். எச்.எம்.290, எச்.எம்.360 முதலியன இக்காலத்தில் ஆர்வலர்களுக்காக இவர் உருவாக்கிய வடிவங்களாகும். 1965 இல் போர்தோ நகரை அடுத்த பெசாக்கில் காலமானார்.

தாக்கம்

தற்கட்டுமான வானூர்தி இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக மின்யே கருதப்படுகிறார். எளிய பொருட்களால் கட்டப்படும் வானூர்தியும் பறக்கும் என்பதை இவர் மெய்ப்பித்தார். எளிமை மட்டுமே பாதுகாப்பைத் தராது என்பதையும், வடிவமைப்பைத் தற்சார்பற்ற முறையில் சோதித்தறிதல் இன்றியமையாதது என்பதையும் இவரது வானூர்தியின் வரலாறு உணர்த்தியது. 1946 இல் பிரித்தானியாவிலும் 1953 இல் அமெரிக்காவிலும் தொடங்கப்பட்ட ஆர்வலர் சங்கங்கள் தற்கட்டுமானத்துக்குத் தொழில்நுட்ப வழிகாட்டுதலை வழங்கின.

இவரது இணை இறக்கை அமைப்பு கைவிடப்படவில்லை. 1980களில் பிரான்சில் உருவான எச்.எம்.1000 பலெரி என்னும் ஈரிருக்கை வானூர்தி இவ்வழியில் வந்ததாகும். பழைய எச்.எம்.14 வானூர்திகள் சில ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.