குரல் ஒன்றே கருவி



கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஆர்மோனியமோ கீபோர்டோ தபேலாவோ இன்றி, வெறுங் குரல்களால் மட்டும் பாடப்படும் கச்சேரிகள் உண்டு. இத்தாலியர் இதனை 'அ கப்பெல்லா' என்பர். சிற்றாலய முறைப்படி என்பது பொருள். இம்முறையில் தலைசிறந்து விளங்கிய ஒருவரின் சரித்திரத்தை அறிந்துகொண்டு குடும்பத்தோடு அப்பாடல்களைக் கேட்கச் செல்வீர்களானால், மிகுந்த பயனடைவீர்கள்.

அவர் பெயர் ஜொவான்னி பியர்லூயிஜி. உரோமைக்குக் கிழக்கே பலஸ்திரீனா என்னும் ஊரில் ஏறக்குறைய 1525-ல் பிறந்தார். ஊர்ப்பெயரே அவர் பெயராக நிலைத்தது. சிறுவனாய் உரோமையில் மரியன்னை பேராலயத்துப் பாடற் குழுவில் பயின்றார். 1544-ல் சொந்த ஊர்ப் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவரானார். 1547-ல் லுக்ரேசியா என்னும் பெண்ணை மணந்தார். அவ்வூர் மேற்றிராணியாராயிருந்தவரே 3-ம் ஜூலியுஸ் பாப்பரசராகி, 1551-ல் அவரை அர்ச். இராயப்பர் பேராலயத்துக்கு அழைத்துக்கொண்டார்.

1555-ல் பாப்பரசரின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடகரானார். அங்கே ஆர்கன் ஒலிப்பதில்லை. மனிதக் குரல் ஒன்றே. ஆனால் அதே ஆண்டில் பட்டத்துக்கு வந்த 4-ம் சின்னப்பர், மணமானவர்கள் அக்குழுவில் இருத்தலாகாது என்னும் விதியைக் கண்டிப்பாய் நிறைவேற்றினார். பலஸ்திரீனாவும் உபகாரச் சம்பளத்தோடு வெளியேற நேர்ந்தது. பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொண்டு வேலையை இழப்பது எத்தகையது என்பதை, ஆலைகளை நம்பி வாழும் நம் ஓசூர்க் குடும்பங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாட்டை விட்டுவிட்டாரோ? இல்லை. அவ்வாண்டே அர்ச். அருளப்பர் லாத்தரன் பேராலயத்தில் பணியேற்றார். பின்பு, தாம் சிறுவனாய்ப் பாடிய மரியன்னை பேராலயத்திலும் உழைத்தார். 1571-ல் இராயப்பர் பேராலயத்துக்கே திரும்பினார்.

அக்காலத்தில் பல குரல்கள் பின்னிச் செல்வதால் பூசையின் வார்த்தைகள் விளங்கவில்லை என்னும் குறை எழுந்தது. திரிதெந்தீன் பொதுச்சங்கமும் 1562-ல் தேவாலயச் சங்கீதத்தின் தூய்மையைக் குறித்துக் கட்டளையிட்டது. பலஸ்திரீனா ஒரே பூசையிசையால் பலகுரற் பாடலைத் தடையினின்று மீட்டார் என்பார்கள். அது கதையே என்பது சரித்திர ஆசிரியர் துணிபு. ஆயினும் 1567-ல் அச்சான, மர்செல்லுஸ் பாப்பரசர் பெயர் தாங்கிய அப்பூசையிசையில் ஆறு குரல்கள் சேர்ந்து பாடியும் வார்த்தை தெளிவாகக் கேட்கிறது. இது கதையன்று.

1572 முதல் 1580 வரை கொள்ளைநோய்கள் அவருடைய சகோதரனையும், இரு மைந்தரையும், மனைவியையும் கொண்டுபோயின. அத்துயர ஆண்டுகளின் நடுவே, 1575-ல் அவர் வெளியிட்ட நூலில்தான், இன்று கிறிஸ்து பிறந்தார் என்று எட்டுக் குரல்கள் இரு அணியாய் மாறி மாறி அறிவிக்கும் கிறிஸ்மஸ் பாடல் இருக்கிறது. துயரமில்லாதவனுக்கே திருநாள் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

1581-ல் மயிர்த்தோல் வியாபாரி ஒருவரின் விதவையை மறுமணம் செய்து, அவ்வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டே இசையமைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பூசையிசைகளை இயற்றி, 1594 பெப்ருவரி 2-ந் தேதி, சேசு பாலனைக் கோவிலில் காணிக்கையாக்கிய மெழுகுதிரித் திருநாளன்று மரித்தார்.

ஆகவே, கச்சேரிக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கைக்குழந்தை அழுதால் வெட்கப்படாதீர்கள். பெத்லெகேம் கொட்டிலிலும் ஒரு குழந்தை அழுதிருக்கும். முதலில் மேற்குரலைக் கேளுங்கள். பிறகு அடியில் ஓடும் கீழ்க்குரலைத் தேடுங்கள். கருவியின்றிப் பாடுகிறவன் தன் குரலை மட்டும் கேட்டால் சுருதி கெடும். அடுத்தவன் குரலுக்கும் செவிகொடுத்தால்தான் பாட்டு நிலைக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் நம் எல்லைப்புறத்துக்கு இது தகுந்த பாடம். கணவன் மனைவிக்கும், மாமியார் மருமகளுக்கும் கூட அப்படியே.

சேசு பாலன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.