செனேக்கா: சொல்லும் செயலும்

உரோமப் பேரறிஞர் செனேக்காவை நம்மில் அறியாதாரும் அவர்தம் தமையனாரை அறிவர். கொரிந்து நகரிற் பவுலடியார்மீது யூதர் கொணர்ந்த வழக்கை ஏற்க மறுத்த அகாயா நாட்டதிபதி கல்லியோன் அத்தமையனாரே.

செனேக்கா இஸ்பானிய நாட்டுக் கொர்தோவாவிற் பிறந்து, இளமையிலேயே உரோமாபுரி சேர்ந்து, ஸ்தோயிக்கர் கொள்கையைத் தழுவினார். கி. பி. 41-இல் கிலவுதியு இராயன் இவரைக் கோர்சிக்காத் தீவுக்கு நாடுகடத்தினான். நாடிழத்தல் துன்பமன்றெனத் தம் அன்னையார்க்கு அங்கிருந்து ஆறுதல் எழுதிய இவரே, மீட்சி வேண்டி, இராயனது அரண்மனை ஊழியன் ஒருவனுக்கு முகத்துதி மிகுந்த நூலொன்றை விடுத்தார்.

49-இல் அரசி அக்கிரிப்பினாள் இவரை மீட்பித்துத் தன் மகன் நீரோவுக்கு ஆசிரியராக்கினாள். 54-இல் நீரோ பதினாறு வயதில் அரியணை ஏறினான். செனேக்காவும் படைத்தலைவர் புர்ரூசும் துணைநின்ற தொடக்க ஆண்டுகள் நல்லாட்சியென்று போற்றப்பெற்றன. அக்காலத்தே, வரம்பற்ற அதிகாரமுடையோன் தன்னைத் தானே அடக்கி இரக்கங் காட்டுதலே அரசனுக்கு அழகென விளக்கும் நூலொன்றை அவனுக்கென்றே இவர் இயற்றினார். மன்னன் கையிற் குருதிக்கறை இல்லையென்றும் அதிற் புகழ்ந்தார். ஆயின் 55-லேயே நீரோவின் தம்பிமுறையினனான பிரித்தானிக்கன் விருந்திடையே மாண்டான்; அவன் நஞ்சூட்டப்பட்டான் என்பது பண்டை வரலாற்றாசிரியர் கூற்று. 59-இல் நீரோ பெற்ற தாயையே கொல்வித்தான். அக்கொலையை நியாயமெனக் காட்டிச் செனட் சபைக்கு விடுத்த ஓலையை வரைந்தவர் செனேக்காவே எனத் தாசிட்டஸ் எழுதுகின்றார்.

எளிமையைப் போற்றிய இவர் நான்காண்டு அரச நட்பிற் 30 கோடி செஸ்டர்ஸ் ஈட்டினார் என்று 58-இற் பகைவர் ஒருவர் பழித்தார். தமையனார்க்கு எழுதிய நூலில், ஞானி செல்வத்தை உடையனாயிருக்கலாம், அதற்கு அடிமையாதலே தவறு என்று இவர் வாதித்தார்; தாம் இன்னும் ஞானியல்லர் என்பதனையும் மறையாது ஒப்பினார்.

62-இல் உடைமை யாவும் திருப்பித் தந்து விலக வேண்டினார், நீரோ இசைந்திலன். அதன்பின் எழுதிய கடிதங்களில் அடிமைகளும் மக்களே, அவர்களோடு உடனுண்ணல் இழிவன்று என்று அறிவுறுத்தினார். எனினும் தம் அடிமைகளைப் பெற்றே வாழ்ந்தார். 65-இற் சூழ்ச்சிக்கு உடந்தையென்று குற்றஞ்சாட்டப்பெற்று, அரசன் ஆணையால் நரம்பறுத்துக்கொண்டு, கலக்கமின்றி உயிர்நீத்தார்.

இவர் அறமறியாதவர் அல்லர்; அரண்மனையில் இருந்தாலன்றி நன்மை செய்யவியலாதென்று எண்ணினார். அங்கே நிலைத்திருத்தற்பொருட்டுத் தீமைக்கும் உடன்பட்டார். முடிவில் இரக்கத்தைப் பற்றி எழுதிய கையே தாய்க்கொலைக்கும் நியாயம் எழுத நேர்ந்தது. அடிமைகளைக் குறித்து இவர் கூறியது இன்றும் உண்மையே. அவ்வுண்மையே இவர் செயலைக் கண்டிக்கின்றது. கல்வி முடித்து அதிகாரத்தின் அருகே பணிபுரியச் செல்லும் நம்மனோர், முதல் உடன்பாட்டின்போதே இவரை நினைத்தல் நன்று.