ஊரை இணைத்த பூங்காச்சாலை

நியூயார்க் நகரின் நடுவே பரந்து விரிந்திருக்கிறது சென்ட்ரல் பூங்கா. அங்கு உலவுவோர் பலர், தாங்கள் நடக்கும் தரைமட்டத்துக்குக் கீழே வாகனங்கள் ஓடுவதை உணர்வதில்லை. பூங்காவைச் சாலைகள் துண்டாடக்கூடாது என்று எண்ணி இந்த ஏற்பாட்டைச் செய்த இருவருள் ஒருவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்.

ஓம்ஸ்டெட் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்ஃபர்ட் நகரில் பிறந்தார். நான்கு வயது நிறைவதற்கு முன்பே தாயை இழந்தார். வணிகரான தந்தை இயற்கை எழிலில் மனத்தைப் பறிகொடுத்தவர். மலை, ஆறு, கடற்கரை என மகனையும் உடன் அழைத்துச் சென்றார். அந்தப் பயணங்களே ஓம்ஸ்டெட்டின் முதல் பள்ளிக்கூடமாக அமைந்தன.

இளமையில் நச்சுச்செடி ஒன்றால் அவருடைய கண்பார்வை பாதிக்கப்பட்டது. அதனால் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயிலும் வாய்ப்பு கைநழுவிப்போனது. கடையில் எழுத்தராகவும், சீனா சென்ற கப்பலில் மாலுமியாகவும், பின்னர் விவசாயியாகவும் அவர் வேலை செய்தார். எந்தத் தொழிலிலும் அவர் நிலைக்கவில்லை. எனினும், ஒவ்வொன்றிலிருந்தும் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்.

1850ஆம் ஆண்டு ஓம்ஸ்டெட் இங்கிலாந்தில் நடைப்பயணம் மேற்கொண்டார். அங்கே பர்க்கன்ஹெட் பூங்காவைக் கண்டு வியந்தார். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அங்கு உலவினர். அதன் பிறகு, நாளிதழ் ஒன்றுக்காக அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பயணம் செய்தார். அடிமை முறை மனிதரையும் நாட்டையும் எவ்வாறு சீரழிக்கிறது என்பதைக் கட்டுரைகளாக எழுதினார். மக்கள் சமமாகக் கூடுவதற்குப் பொது இடங்கள் தேவை என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அந்த எண்ணத்தைச் செயலாக்கும் வாய்ப்பு விரைவில் வந்தது. 1858ஆம் ஆண்டு சென்ட்ரல் பூங்காவுக்கான வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸுடன் இணைந்து வெற்றி பெற்றார். பூங்காவின் குறுக்கே நான்கு சாலைகள் செல்ல வேண்டும் என்பது போட்டியின் விதி. இருவரும் அச்சாலைகளைப் பள்ளத்தில் இறக்கி, மேலே பாலங்களை அமைத்து, மரஞ்செடிகளால் மறைத்தனர்.

1868ஆம் ஆண்டு பஃபலோ நகரம் அவரை அழைத்தது. ஒரு பூங்கா போதும் என்று அவர் நினைக்கவில்லை. நகரின் மூன்று இடங்களில் பூங்காக்களைத் திட்டமிட்டு, அவற்றை இணைக்க அகன்ற பூங்காச்சாலைகளை வாக்ஸுடன் சேர்ந்து வடிவமைத்தார். அவற்றுள் ஒன்று ஹம்போல்ட் பூங்காச்சாலை. ஏறத்தாழ 60 மீட்டர் அகலம் கொண்ட அச்சாலையின் நடுவே புல்வெளியும் வரிசை வரிசையாக மரங்களும் இருந்தன. வீட்டு வாசலில் இறங்கினால் நிழலிலேயே நடந்து பூங்காவை அடையலாம்.

பின்னர் பாஸ்டன் உள்ளிட்ட பல நகரங்களின் பூங்காக்களையும் ஓம்ஸ்டெட் உருவாக்கினார். நயாகரா அருவியின் சுற்றுப்புறத்தைத் தனியார் பிடியிலிருந்து மீட்கவும் பாடுபட்டார். முதுமையில் நினைவாற்றல் குன்றியதால் 1895இல் ஓய்வு பெற்ற அவர், 1903ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் காலமானார்.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஹம்போல்ட் பூங்காச்சாலைக்குச் சோதனை வந்தது. நகரத்துக்கு விரைந்து சென்றுவர விரைவுச்சாலை ஒன்று திட்டமிடப்பட்டது. 1960களில் மரங்கள் வெட்டப்பட்டன, வீடுகள் இடிக்கப்பட்டன, புல்வெளி இருந்த இடத்தில் ஆழமான பள்ளம் தோண்டப்பட்டது. அப்பகுதியில் பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வாழ்ந்தனர். எதிர்வீட்டுக்காரர்கள் பள்ளத்தின் இரு கரைகளில் வசிப்பவர்களாக மாறினர். நிழல் போனது, புகையும் இரைச்சலும் வந்தன. வந்து போவோரின் சில நிமிடங்களைச் சேமிக்க, அங்கேயே வாழ்வோர் தங்கள் முற்றத்தை இழந்தனர்.

அப்பகுதி மக்கள் அந்த இழப்பை மறக்கவில்லை. பூங்காச்சாலையை மீட்டுத்தர வேண்டும் என்று தொடர்ந்து குரல் எழுப்பினர். 2022ஆம் ஆண்டு, விரைவுச்சாலையின் ஒரு பகுதியை மூடி அதன்மேல் பசுமை வெளியை அமைக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. அதனைச் சிலர் வரவேற்றனர். சுரங்கத்தில் சேரும் புகையை எண்ணி அஞ்சிய வேறு சிலர், பள்ளத்தை முழுவதுமாக நிரப்பிப் பழைய பூங்காச்சாலையையே கொண்டுவர வேண்டும் என்று வாதிட்டனர். வழி எதுவாயினும், பிரிந்து கிடக்கும் இரு கரைகளும் மீண்டும் ஒன்றாக வேண்டும் என்பதே இரு தரப்பினரின் விருப்பம்.

ஓம்ஸ்டெட் சாலைகளை வெறுத்தவர் அல்லர். சென்ட்ரல் பூங்காவில் சாலையைத் தாழ்த்தி மனிதர்களை இணைத்தார். பஃபலோவில் சாலையையே பூங்காவாக்கினார். ஒரு சாலை எத்தனை விரைவாக நம்மைக் கொண்டுசேர்க்கிறது என்பதோடு, அது எவர் வாசலைக் கடந்து செல்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம்.