பிரடெரிக் டக்ளஸ்: அடிமையாய்ப் பிறந்து தேர்வாளராய் உயர்ந்தவர்

வெள்ளி விழா மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுதல் மரபு. அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வரலாறுகளை நம் சமுதாய இளைஞர்கள் நன்கறிவர். ஆதலின் கடல் கடந்த நாடொன்றில் நம்மைப் போன்றே மிதிக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய பெருமகன் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். இவரைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் குறைந்த வாக்குப் பெற்றவர் குடியரசுத் தலைவரானார். மிகுந்த வாக்குப் பெற்றவர் வீடு திரும்பினார். இஃது எவ்வாறு மக்களாட்சி ஆகும் என்று மாணவர்கள் என்னை வினவுவதுண்டு. பாடநூல் இதற்கு ஒரு பத்தியில் விடை கூறி முடித்துவிடுகிறது. பிரடெரிக் டக்ளஸின் வாழ்வைப் படிப்போர்க்கு அவ்விடை போதாது என்பது விளங்கும்.

டக்ளஸ் மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டத்தில் 1818 ஆம் ஆண்டு பிறந்தார். நாள் தெரியாது, அடிமையின் பிறந்த நாளை எவர் குறித்து வைப்பார்? தாய் ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் உழைத்தவர். இவருக்கு ஏறக்குறைய ஏழு வயதாகுங்கால் இறந்தார். தந்தை ஒரு வெள்ளையர் என்பதன்றி வேறெதுவும் உறுதியாக அறியக்கூடவில்லை. பாட்டி பெட்சியின் குடிசையே இவருக்கு முதல் இல்லமாயிற்று.

எட்டு வயதளவில் பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்ட் என்பாரின் வீட்டிற்கு ஏவல் சிறுவனாக அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி சோபியா இரக்கத்தால் எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் கண்டு தடுத்தார். படித்த அடிமை அடிமையாய் இருக்க உடன்படான் என்பது அவர் கூறிய காரணம். அச்சொற்கள் சிறுவனின் செவியில் விழுந்தன. தன்னை அடிமையாய் வைத்திருக்கும் பூட்டு எதுவென்றும், அதன் திறவுகோல் எதுவென்றும் அன்றே அவர் கண்டுகொண்டார். அதன்பின் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, கைம்மாறாக எழுத்துகளைப் பெற்றார். பன்னிரண்டு வயதளவில் ஐம்பது சென்ட் சேர்த்துச் சொற்பொழிவுத் தொகுப்பு நூல் ஒன்றை வாங்கி மறைவாகப் படித்தார். கட்டணமின்றிக் கிடைக்கும் பாடநூலை ஆண்டிறுதி வரை விரித்துப் பாராத பிள்ளைகளை நாள்தோறும் காணும் எனக்கு, இந்நிகழ்ச்சியை விரைந்து கடந்துசெல்ல மனம் வரவில்லை.

1834 இல், அடிமைகளின் முதுகெலும்பை முறிப்பதில் பெயர்பெற்ற எட்வர்ட் கோவி என்பவனிடம் ஓராண்டுக் குத்தகைக்கு விடப்பட்டார். பலமுறை கசையடிபட்டபின் ஒருநாள் எதிர்த்து நின்று மல்லாடினார். அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்கவில்லை. மீண்டும் பால்டிமோர் சென்று, கப்பற் பலகைகளின் இடுக்கடைக்கும் தொழில் கற்றார். கூலி இவருடையது, வாரந்தோறும் அதனைப் பெற்றவரோ ஆண்டை. 1838 செப்டம்பர் 3 ஆம் நாள், மாலுமி உடையணிந்து, இரவல் பெற்ற மாலுமிச் சான்றுத் தாளுடன் தொடர்வண்டியேறி வடக்கே தப்பினார். அதற்குப் பொருளுதவி செய்த அன்னா மர்ரே என்னும் சுதந்திரக் கறுப்பின மங்கையை அம்மாதமே நியூயார்க்கில் மணந்தார்.

1841 முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் முழங்கினார். 1845 இல் தம் வரலாற்றை நூலாக்கினார். அந்நூலால் இருப்பிடம் வெளிப்பட்டு மீண்டும் பிடிபடும் இடர் நேரவே பிரிட்டன் சென்றார். அங்குள்ள நண்பர்கள் 1846 இல் 150 பவுன் திரட்டி ஆண்டையிடமிருந்து இவரது விடுதலையை விலைக்கு வாங்கினர். 1847 இல் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் குடியேறி, வடமீன் எனப் பொருள்படும் பெயரில் ஓர் ஏடு தொடங்கினார்.

இனி, நம் வினாவிற்கு வருவோம். இவரை மேடையேற்றிய வில்லியம் லாயிட் காரிசன், அமெரிக்க அரசியலமைப்பு அடிமை முறையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்றும், நல்லோர் அதன்கீழ் வாக்களித்தலும் தகாது என்றும் கருதியவர். அவர் சினத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 1787 இல் அரசியலமைப்பை வகுத்தோர் குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதா என ஆராய்ந்தனர். நேரடித் தேர்தலில் தென்மாநிலங்களின் அடிமைகள் வாக்களியார். ஆதலின் தெற்கின் செல்வாக்குக் குறையும் என்பதனை ஜேம்ஸ் மேடிசன் அவையிலேயே எடுத்துரைத்தார். முடிவில் தேர்வாளர் குழு என்னும் ஏற்பாடு அமைந்தது. மக்கள் தேர்வாளர்களைத் தேர்வர். தேர்வாளர்கள் தலைவரைத் தேர்வர். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் எத்தனை உறுப்பினரோ அத்தனை தேர்வாளர். பிரதிநிதிகள் எண்ணிக்கைக்கு அடிப்படையான மக்கள் தொகையில் அடிமைகள் ஐந்துக்கு மூவராகக் கணக்கிடப்பட்டனர்.

இதன் விளைவைப் பாருங்கள். 1800 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அடிமையல்லாதார் தொகை வர்ஜீனியாவைவிடப் பென்சில்வேனியாவில் மிகுதி. ஆயினும் அக்கணக்கை வைத்து வர்ஜீனியாவுக்கு 24 தேர்வாளரும் பென்சில்வேனியாவுக்கு 20 தேர்வாளருமே வந்தனர். முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவைச் சேர்ந்த அடிமை உடைமையாளர் நால்வரே குடியரசுத் தலைவராக வீற்றிருந்தனர். மேரிலாந்துக் குடிசையில் தவழ்ந்த குழந்தை டக்ளஸும் அவ்வாறே ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டு, தம் ஆண்டையின் மாநிலத்துக்கு வலிமை சேர்த்தவரே. எண்ணப்பட்டார், ஆனால் எண்ணுவோர் அவரை ஏதும் கேட்டிலர்.

இவ்வளவும் அறிந்திருந்தும் டக்ளஸ் 1851 இல் காரிசனின் கொள்கையைக் கைவிட்டார். அரசியலமைப்பை எரிப்பதைவிட அதனை அடிமைத்தளைக்கு எதிராகப் பொருள்கொண்டு, வாக்கு என்னும் கருவியால் போராடுவதே தக்கது எனத் துணிந்தார். நட்பு முறிந்தது, ஏச்சு மிகுந்தது. ஆயினும் பிற்கால நிகழ்ச்சிகள் இவர் பக்கமே நின்றன. 1860 இல் நாற்பது விழுக்காட்டுக்கும் குறைந்த மக்கள் வாக்கே பெற்ற ஆபிரகாம் லிங்கன், 303 தேர்வாளரில் 180 பேரைப் பெற்று வென்றார். பல்லாண்டு அடிமை உடைமையாளருக்குத் துணைபோன அதே ஏற்பாடு அவர்களைக் கைவிட்டது. போர் மூண்டது. டக்ளஸ் கறுப்பினப் படைக்கு ஆள் திரட்டினார். தம் மைந்தர் இருவரைச் சேர்த்தார். 1865 இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870 இல் நிறத்தின் பெயரால் வாக்குரிமை மறுத்தலாகாது என்னும் 15 ஆம் திருத்தம் நிறைவேறியது.

மக்கள் வாக்கே மக்களாட்சி எனக் கூறுவோர் இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் வெள்ளையர்க்குச் சொத்துத் தகுதி கிடையாது. கறுப்பினத்தவர்க்கோ 250 டாலர் பெறுமான நிலம் இருந்தாலன்றி வாக்கில்லை. இவ்விதியை நீக்கலாமா என 1846, 1860, 1869 ஆகிய ஆண்டுகளில் மக்களிடமே நேராகக் கேட்டனர். மூன்று முறையும் மக்கள் மறுத்தனர். பதினைந்தாம் திருத்தமே அத்தடையை அகற்றியது.

அம்மாநிலமே 1872 இல் டக்ளஸை மாநிலம் முழுமைக்குமான தேர்வாளராகத் தேர்ந்தெடுத்தது. டிசம்பர் திங்களில் தலைநகர் ஆல்பனியில் 35 தேர்வாளர்கள் கூடி யுலிசஸ் கிராண்டுக்கு வாக்களித்தனர். முத்திரையிடப்பட்ட அவ்வாக்குகளை வாஷிங்டனுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு டக்ளஸிடம் ஒப்படைக்கப்பட்டது. இரவல் தாளோடு தொடர்வண்டியில் தப்பி வந்தவர், முப்பத்து நான்கு ஆண்டுகட்குப் பின், நாட்டின் மிகப் பெரிய மாநிலத்தின் வாக்கையே கையில் ஏந்திச் சென்றார். இதற்கு மறு ஆண்டு, 1873 இல், மகாத்மா ஜோதிராவ் புலே தம் அடிமைமுறை பற்றிய நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பதும் நினைக்கத்தக்கது.

ஆயினும் நான்கே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன், குடியரசுக் கட்சியின் ரூதர்போர்டு ஹேஸைவிட ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். தேர்வாளர் கணக்கில் டில்டனுக்கு 184. வெற்றிக்கு ஒன்று குறைவு. ஹேஸுக்கு 165. எஞ்சிய 20 இடங்களில் வழக்கு எழுந்தது. புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று தென்மாநிலங்களே அதில் பெரும்பங்கு. பதினைவர் ஆணையம் அமைக்கப்பட்டு, எட்டுக்கு ஏழு என்னும் கணக்கில் இருபதும் ஹேஸுக்கே என முடிவாயிற்று. 185க்கு 184!

குறைந்த வாக்குப் பெற்றவர் வென்றது அநீதி என்று எளிதில் கூறிவிடலாம். ஆனால் டில்டனின் மிகுதி வாக்கு எவ்வாறு வந்தது? தென்மாநிலங்களில் துப்பாக்கி ஏந்திய கும்பல்கள் கறுப்பின வாக்காளரை அச்சுறுத்தின. தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்னும் ஊரில் அவ்வாண்டு ஜூலையில் கறுப்பினத்தவர் பிடித்துச் சுட்டுக்கொல்லப்பட்டனர். வாக்குச் சாவடிக்குச் செல்ல அஞ்சிய மக்களை நீக்கிவிட்டு எண்ணிய எண்ணிக்கையை மக்கள் வாக்கு என்று எவ்வாறு அழைப்பது? மறுபுறம், ஆணையத்தின் தயவால் பதவியேற்ற ஹேஸ், 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மனைகளைக் காத்துநின்ற கூட்டரசுப் படையை விலக்கிக்கொண்டார். அதனோடு அங்கிருந்த கறுப்பின மக்களுக்கு மிஞ்சியிருந்த காவலும் அகன்றது. மக்கள் வாக்கும் அவர்களைக் காக்கவில்லை. தேர்வாளர் வாக்கும் காக்கவில்லை.

அதே ஹேஸ் அதே ஆண்டு மார்ச்சில் டக்ளஸைத் தலைநகர் வட்டாரத்தின் மார்ஷலாக நியமித்தார். செனட்டின் ஒப்புதலோடு கறுப்பினத்தவர் ஒருவர் அத்தகு பதவி பெற்றது பெருமையே. ஆனால் குடியரசுத் தலைவர் மாளிகையில் விருந்தினரை அறிமுகம் செய்துவைக்கும், மார்ஷலுக்கே உரிய மரபுப் பணி மட்டும் இவருக்கு மறுக்கப்பட்டது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தெற்கிலே தம் மக்கள் கைவிடப்பட்ட வேளையில் டக்ளஸ் அப்பதவியை ஏற்று, ஹேஸைக் கடுமையாகக் கண்டியாது இருந்தார். இதனைச் சிலர் நயந்து விளக்குவர். என் கருத்தில் இஃது அவர் வாழ்வின் ஒரு தளர்ச்சியே. ஒருவருக்குக் கிடைக்கும் நாற்காலியால் ஓர் ஊரின் சேரி காக்கப்பட்டுவிடாது என்பதனை நாமும் பலமுறை கண்டிருக்கிறோம். ஆயினும் டக்ளஸ் நெடுநாள் வாய்மூடி இருந்தாரல்லர். சம உரிமைச் சட்டத்தை 1883 இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியபோது வெகுண்டு பேசினார். பின்னாளில் தம் கட்சித் தலைவர்களையே சாடினார்.

1888 இல் மீண்டும் அதே நிலை. குரோவர் கிளீவ்லாந்து ஏறத்தாழ தொண்ணூறாயிரம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றும், 233க்கு 168 என்னும் தேர்வாளர் கணக்கில் பெஞ்சமின் ஹாரிசனிடம் தோற்றார். ஹாரிசன் 1889 இல் டக்ளஸை ஹெய்ட்டி நாட்டுத் தூதராக்கினார். தெற்கில் தேர்தல்களைக் கூட்டரசு கண்காணிக்க வேண்டும் என்னும் மசோதாவையும் அவர் ஆதரித்தார். 1890 இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அது செனட்டில் மடிந்தது. அதே ஆண்டு மிசிசிப்பி மாநிலம் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் புகுத்திக் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தது; பிற தென்மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அடிமையாய் இருந்தபோது ஐந்தில் மூன்றாக எண்ணப்பட்டவர், விடுதலை பெற்றபின் முழு ஆளாக எண்ணப்பட்டார். அதனால் தெற்கின் தேர்வாளர் தொகை கூடியது. வாக்கு மட்டும் அவர்க்கில்லை. வாக்கைப் பறிக்கும் மாநிலத்தின் பிரதிநிதிகளைக் குறைக்கலாம் என 14 ஆம் திருத்தம் கூறியும், அது ஒருநாளும் நடைமுறைக்கு வந்திலது.

நம் நாட்டிலும் குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லையே என்று மாணவர் கேட்கலாம். உண்மை. ஆனால் இங்கு ஆளும் அதிகாரம் மக்களவைக்குப் பொறுப்பான அமைச்சரவையிடம் உள்ளது. அதனாலேயே அண்ணல் அம்பேத்கர் முதலியோர் நேரடித் தேர்தல் வேண்டா என முடிவு செய்தனர். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் வாக்களிப்பர்; சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 1971 ஆம் ஆண்டு மக்கள் தொகையைக் கொண்டு வகுக்கப்படுகிறது. தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 176. ஆதிதிராவிடர்க்குரிய 44 தனித்தொகுதி உறுப்பினர்க்கும் அதே 176, ஐந்தில் மூன்றன்று. அவ்வுறுப்பினர் நம் குரலாய் ஒலிக்கிறாரா என்பது வேறு வழக்கு. ஆகவே தேர்தல் நேரானதா, சுற்றுவழியானதா என்பதை மட்டும் கொண்டு மக்களாட்சியை அளத்தல் இயலாது. எவர் எண்ணப்படுகிறார், எண்ணப்பட்டவர் கையில் வாக்கு உள்ளதா, அவ்வாக்கை அச்சமின்றி இட இயலுமா என்பனவற்றையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

டக்ளஸ் முதுமையிலும் ஓய்ந்தாரில்லை. கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையை எதிர்த்த ஐடா வெல்ஸ் என்னும் இளம் பெண்மணிக்குத் துணைநின்றார். 1895 பிப்ரவரி 20 ஆம் நாள் வாஷிங்டனில் மகளிர் மாநாடொன்றில் கலந்துகொண்டு இல்லம் திரும்பியவர், அன்று மாலையே மாரடைப்பால் மறைந்தார். உடல் ரோச்செஸ்டருக்குக் கொண்டுசெல்லப்பட்டு மவுண்ட் ஹோப் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் இறுதிவரை வாழ்ந்த வாஷிங்டன் நகரம் எந்த மாநிலத்திலும் சேராதது. ஆதலின் அந்நகருக்குத் தேர்வாளர் ஒருவர்கூடக் கிடையாது. கறுப்பின மக்கள் பெருந்தொகையினராய் வாழ்ந்த அந்நகரத்தார்க்கு 1961 இல் நிறைவேறிய 23 ஆம் திருத்தமே மூன்று தேர்வாளரை அளித்தது. 1964 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் முதன்முறையாகக் குடியரசுத் தலைவருக்கு வாக்களித்தனர்.