தூக்கவே முடியாத ஆளைத் தூக்கிப் போட்டவர்: யார் இந்த ஜிகோரோ கானோ?

பென்னாகரத்திலோ அரூரிலோ மொட்டை மாடியில் பாய் விரித்து, நண்பனை வைத்து ஜூடோ 'த்ரோ' பழகுறீங்களா? அப்படின்னா ஜிகோரோ கானோவைத் தெரிஞ்சுக்கணும்.

1860-ல் ஜப்பானின் மிகாகேயில் பிறந்தவர். ஒல்லி உடம்பு. பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடி வாங்கியே 1877-ல் ஜூஜுட்சு கற்கப் போனார். அங்கே ஃபுகுஷிமா என்றொரு கனத்த ஆள். கானோவால் அசைக்கவே முடியலை. விடுவாரா? சுமோ பிடிகளைப் போட்டுப் பார்த்தார். பலிக்கலை. மேற்கத்திய மல்யுத்தப் புத்தகத்தைப் புரட்டினார். நெல் மூட்டையைத் தூக்குவதுபோல் எதிராளியைத் தோளில் ஏற்றிப் போடும் 'கதா-குருமா' கிடைத்தது. ஃபுகுஷிமா விழுந்தார்!

1882-ல் டோக்கியோவின் ஒரு புத்தக் கோயிலில், 12 பாய் விரிக்கும் இடத்தில், கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். வயது 21தான். பழைய ஜூஜுட்சுவில் காயம் அதிகம். அதனால் ஆபத்தான பிடிகளைப் பயிற்சியிலிருந்து ஒதுக்கினார். 'உகெமி', அதாவது அடிபடாமல் விழுவது, அடிப்படைப் பாடமானது. (மாடியின் சிமென்ட் தரைக்கு ஒரு கோரைப் பாய் போதாதுங்க!)

அவருடைய இடுப்பு வீச்சை சீடர் சைகோ ஷிரோ தாவித் தாவித் தப்பித்தார். கானோ காலாலும் சேர்த்து வாரிவிட்டார். அதுதான் 'ஹராய்-கோஷி'. சாமர்த்தியமான கூட்டாளி இல்லாவிட்டால் அந்த வீச்சே பிறந்திருக்காது.

1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1929-ல் தாகூரின் சாந்திநிகேதனுக்கு ஜூடோ கற்பிக்க வந்த தகாகாகி, கோடோகான்காரர்தான்.

1938-ல் கெய்ரோ ஒலிம்பிக் கூட்டம் முடிந்து திரும்பும்போது, கப்பலிலேயே இறந்தார். ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964-ல், டோக்கியோவில்.